வீட்டின் விலை இறங்கிவிட்டது... வருமான வரியில் கழிக்க முடியுமா?

பயிர் நோய், உரம், மானியம் பற்றிய கேள்விகளே எனக்கு அதிகம் வரும். சென்ற மாதம் தாராபுரம் பக்கத்திலிருந்து வந்த கடிதம் வேறு மாதிரி. எழுதியவர் 61 வயது விவசாயி. அவர் கேட்டிருப்பது இது:

“ஊர் ஓரத்தில் மனை வாங்கி 2013இல் வீடு கட்டினேன். மனை, கட்டடம், பத்திரச் செலவு எல்லாம் சேர்த்து 24 லட்சம் ரூபாய் ஆனது. மூன்று வருஷத்துக்கு முன்னால் 30 லட்சத்துக்குக் கேட்டார்கள். நான் கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு கொல்லைப்புறத்தின் மேல் உயர் அழுத்த மின்கம்பி போய்விட்டது. இப்போது 18 லட்சத்துக்கு மேல் யாரும் கேட்பதில்லை. 12 லட்சம் நட்டம். என் மகன் திருப்பூரில் வேலை பார்க்கிறான், வருமான வரி கட்டுகிறான். இந்த 12 லட்சத்தை அவன் வரிக் கணக்கில் கழித்துக்கொள்ள வழி உண்டா?”

இரண்டு வரியில் பதில் எழுதி அனுப்பிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் இதே விஷயத்தில் என் தங்கை வீட்டுக்காரர் பணம் இழந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். எனவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நான் வேளாண்மை படித்தவன், ஆடிட்டர் அல்ல. விதிகளைப் படித்தும், தெரிந்த ஆடிட்டரிடம் கேட்டும் தெளிந்துகொண்டதைத்தான் சொல்கிறேன். உங்கள் கணக்கைப் போடும்போது ஆவணங்களோடு ஒரு ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள்.

விற்கும்வரை நட்டம் இல்லை

குடோனில் மஞ்சள் இருப்பு வைத்திருக்கிறீர்கள். போன மாதம் இருந்த விலை இந்த மாதம் இல்லை. மனசு அடித்துக்கொள்கிறது. ஆனால் மூட்டையை விற்கும்வரை கையை விட்டு எதுவும் போகவில்லை. நாளைக்கே விலை ஏறவும் செய்யலாம்.

குடியிருக்கும் வீட்டை வருமான வரிச் சட்டம் இப்படித்தான் பார்க்கிறது. வீடு ஒரு மூலதனச் சொத்து. அதன் விலை ஏறினால் ஏறியதற்காக யாரும் வருடாவருடம் வரி கேட்பதில்லை. அதேபோல் இறங்கினால் இறங்கியதற்காகக் கழிவும் இல்லை. சொத்து கைமாறும் நாளில்தான் லாபமா நட்டமா என்ற கணக்கே தொடங்கும்.

“டிராக்டருக்குத் தேய்மானம் கழிக்கிறார்களே, வீட்டுக்கு ஏன் கூடாது?” என்று கேட்பவர்கள் உண்டு. தேய்மானம் என்பது தொழிலில் பயன்படும் சொத்துக்கு மட்டும். வாடகைக்கு ஓட்டும் டிராக்டருக்கு அது உண்டு. நாம் குடியிருக்கும் வீட்டுக்குக் கிடையாது.

இரண்டாவது விஷயம், வீடு யார் பெயரில் இருக்கிறதோ அவர் கணக்கில்தான் லாபமும் நட்டமும் வரும். வீடு தந்தை பெயரில் இருக்க, நட்டத்தை மகன் கழிக்க முடியாது. இரண்டு பேர் பெயரில் இருந்தால் அவரவர் பங்குக்கு அவரவர் கணக்கு.

விற்றால் எவ்வளவு நட்டம்?

நம் வாசகர் 12 லட்சம் நட்டம் என்கிறார். 30 லட்சத்திலிருந்து 18 லட்சத்தைக் கழித்தது அது. சட்டத்துக்கு அந்த 30 லட்சம் கணக்கிலேயே இல்லை. ஒரு காலத்தில் யாரோ கேட்ட விலை அது. வீடு அவர் கைக்கு வர ஆன செலவு 24 லட்சம். 18 லட்சத்துக்கு விற்றால் நட்டம் 6 லட்சம்.

இந்த 24 லட்சத்துக்கும் ஆதாரம் வேண்டும். மனைக்குக் கிரயப் பத்திரம், பதிவுக் கட்டண ரசீது போதும். கட்டடத்துக்குத்தான் பலரிடம் எதுவும் இருப்பதில்லை. சிமெண்ட், கம்பி, மர பில்கள், கொத்தனாருக்குக் கொடுத்த பணம், வங்கியில் வாங்கிய கடன், ஊராட்சியில் வாங்கிய கட்டட அனுமதி ஆகியவற்றை ஒரே பையில் போட்டு வையுங்கள். பின்னால் எடுத்த கூடுதல் அறை, சுற்றுச்சுவர் போன்றவையும் செலவில் சேரும். வெள்ளையடித்தது, ஓடு மாற்றியது போன்ற பராமரிப்புச் செலவு சேராது.

அப்பா, தாத்தா வழி வந்த வீடு என்றால் அவர்களுக்கு ஆன செலவே உங்கள் செலவு. அவர்கள் அனுபவித்த காலமும் உங்கள் காலத்தோடு சேரும். 1.4.2001க்கு முன் வாங்கிய அல்லது கட்டிய வீடாக இருந்தால், அந்தத் தேதியில் அதன் சந்தை மதிப்பையே செலவாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அன்றைய வழிகாட்டி மதிப்புக்கு மேல் போகக் கூடாது. இதற்குப் பதிவுபெற்ற மதிப்பீட்டாளரிடம் அறிக்கை வாங்குவது நல்லது.

வழியில் நிற்கும் வழிகாட்டி மதிப்பு

6 லட்சம் நட்டமாவது நிற்குமா என்றால், அங்கேதான் சிக்கல். வாசகரின் மனைக்குச் சார்பதிவாளர் அலுவலக வழிகாட்டி மதிப்பும், கட்டடத்துக்குப் போடும் மதிப்பும் சேர்ந்து 23 லட்சம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மின்கம்பி வந்தது ஊருக்குத் தெரியும். வழிகாட்டி மதிப்புப் பட்டியலுக்குத் தெரியாது.

1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 50-சி பிரிவு சொல்வது இது. பத்திரத்தில் எழுதிய விலையைவிட வழிகாட்டி மதிப்பு அதிகமாக இருந்தால், வழிகாட்டி மதிப்பையே விற்ற விலையாக எடுத்துக்கொள்வார்கள். 10 சதவீதம் வரை வித்தியாசம் இருந்தால் விட்டுவிடுவார்கள். 18 லட்சத்துக்கு 10 சதவீதம் கூட்டினால் 19 லட்சத்து 80 ஆயிரம். வழிகாட்டி மதிப்பு அதையும் தாண்டி 23 லட்சத்தில் இருப்பதால், வாசகர் வீட்டை 23 லட்சத்துக்கு விற்றதாகவே கணக்கு. ஆக, கையில் வந்தது 18 லட்சம். சட்டப்படி நட்டம் 1 லட்சம் மட்டும்.

வாங்குபவருக்கும் இதில் அடி உண்டு. 5 லட்சம் குறைத்து வாங்கியதால் அந்த 5 லட்சம் அவருடைய வருமானமாகச் சேர்க்கப்படும். விவரம் தெரிந்தவர்கள் இதனாலேயே பின்வாங்குகிறார்கள்.

தமிழ்நாட்டில் வழிகாட்டி மதிப்பு 2017 ஜூனில் 33 சதவீதம் குறைக்கப்பட்டது. 2023 ஏப்ரலில் பழையபடி உயர்த்தப்பட்டது. 2024 ஜூலையில் மீண்டும் திருத்தப்பட்டது. அதனால் பழைய ஞாபகத்தில் விலை பேசாதீர்கள். ஒப்பந்தம் போடுவதற்கு முன் பதிவுத்துறை இணையதளத்தில் உங்கள் சர்வே எண்ணுக்கு என்ன மதிப்பு என்று பார்த்துவிடுங்கள்.

இந்தச் சிக்கலிலிருந்து வெளிவர மூன்று வழிகள் இருக்கின்றன.

முதல் வழி: விற்பனை ஒப்பந்தம் ஒரு நாள், பத்திரப் பதிவு வேறொரு நாள் என்றால், ஒப்பந்த நாளின் வழிகாட்டி மதிப்பை எடுத்துக்கொள்ளலாம். அதற்கு, முன்பணம் ஒப்பந்த நாளிலோ அதற்கு முன்போ வங்கி வழியாக வந்திருக்க வேண்டும். ரொக்கமாக வாங்கினால் இந்தச் சலுகை கிடையாது.

இரண்டாவது வழி: வழிகாட்டி மதிப்பு உண்மை விலையைவிட அதிகம் என்று வரி அதிகாரியிடம் எழுத்து மூலம் சொல்லி, வருமான வரித்துறையின் மதிப்பீட்டு அதிகாரிக்கு அனுப்பும்படி கேட்கலாம். அவர் போடும் மதிப்பு வழிகாட்டி மதிப்பைவிடக் குறைவாக இருந்தால் அதுவே கணக்குக்கு வரும். அதிகமாக இருந்தால் வழிகாட்டி மதிப்புக்கு மேல் போக மாட்டார்கள். ஆகவே கேட்பதால் நட்டமில்லை.

மூன்றாவது வழி: பத்திரம் பதியும்போதே, இந்திய முத்திரைச் சட்டம் 47-ஏ பிரிவின்படி மதிப்பை நிர்ணயிக்க முத்திரைத்தாள் தனித் துணை ஆட்சியருக்கு அனுப்பச் சொல்லலாம். அங்கோ மேல்முறையீட்டிலோ மதிப்பு குறைந்தால், குறைந்த மதிப்பையே வருமான வரிக்கும் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் இந்த வழியில் மேல்முறையீடு வரை போய்விட்டால் இரண்டாவது வழியைக் கேட்க முடியாது.

எந்த வழியில் போனாலும் பேச்சு எடுபடாது, ஆதாரம்தான் எடுபடும். மின்கம்பி வீட்டுக்கு மேல் போவதைத் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். பக்கத்தில் குறைந்த விலைக்குப் போன சொத்துகளின் பத்திர நகல், பதிவுபெற்ற மதிப்பீட்டாளர் அறிக்கை ஆகியவற்றை விற்பதற்கு முன்பே சேர்த்து வையுங்கள்.

என் மாப்பிள்ளை இழந்தது

இப்போது என் தங்கை வீட்டுக்காரர் கதைக்கு வருகிறேன். கூட்டுறவு நிறுவனத்தில் சம்பளக்காரர். 2014இல் 22 லட்சத்துக்கு வீடு வாங்கினார். சில வருடங்களில் அரை கிலோமீட்டரில் ஜல்லி கிரஷர் வந்தது. வெடி வைக்கும்போதெல்லாம் ஜன்னல் அதிரும். சுவரில் விரிசல், துணி காயப்போட்டால் மாவு பூசினது போலத் தூசி. 2022இல் 17 லட்சத்துக்கு விற்றுவிட்டு வெளியேறினார். அப்போது வழிகாட்டி மதிப்பு 18 லட்சம்தான். 10 சதவீதத்துக்குள் இருந்ததால் அந்தத் தொல்லை இல்லை.

வருமான வரிக் கணக்கில் இந்த விற்பனையைக் காட்டுங்கள் என்று சொன்னேன். “மச்சான், வித்ததே நட்டத்துக்கு. லாபம் வந்தாத்தானே கணக்கு? நட்டத்துக்கு எதுக்கு வேலை மெனக்கெட்டுக் கணக்கு?” என்றார். சம்பளத்தில் வரி பிடித்தாகிவிட்டது என்று அந்த வருடம் கணக்கே தாக்கல் செய்யவில்லை. நானும் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. அது என் தப்பு.

அன்றைய விதிப்படி வாங்கிய விலையைப் பணவீக்கக் குறியீட்டால் உயர்த்திக் கணக்கிடலாம். 2014-15க்குக் குறியீடு 240, 2022-23க்கு 331. 22 லட்சம் 30 லட்சத்து 34 ஆயிரமாக உயரும். 17 லட்சம் போக, 13 லட்சத்து 34 ஆயிரம் ரூபாய் நீண்டகால மூலதன இழப்பு. இந்த இழப்பை 8 மதிப்பீட்டு ஆண்டுகள் வரை அடுத்தடுத்துக் கொண்டுபோய், வேறு சொத்தில் வரும் நீண்டகால லாபத்தில் கழித்துக்கொள்ளலாம்.

2024 மே மாதம் மகளின் படிப்புக்காக டவுனில் இருந்த ஒரு மனையை விற்றார். குறியீட்டால் உயர்த்திக் கழித்தது போக லாபம் 4 லட்சம். வரி 20 சதவீதம், மேல்வரி சேர்த்து 83,200 ரூபாய். பழைய நட்டம் கணக்கில் ஏறியிருந்தால் ஒரு ரூபாய் வரி வந்திருக்காது. இன்னும் 9 லட்சத்துக்கு மேல் மிச்சமும் இருந்திருக்கும். ஆனால் நட்டத்தைக் கொண்டுபோக வேண்டுமானால், விற்ற ஆண்டுக்கான கணக்கைக் கெடு தேதிக்குள் தாக்கல் செய்திருக்க வேண்டும். அவருக்கு அந்தக் கெடு 2023 ஜூலை 31. ஆடிட்டர் எவ்வளவோ பார்த்தார், வழி கிடைக்கவில்லை. மகளுடைய கல்லூரிக் கட்டணத்துக்கு ஒதுக்கிய பணத்திலிருந்து 83,200 ரூபாயை எடுத்துக் கட்டினார்.

எனவே உழவர் பெருமக்களே, இதை மனதில் வையுங்கள். லாபத்துக்கு விற்றவர்தான் கணக்குக் காட்ட வேண்டும் என்பதில்லை. நட்டத்துக்கு விற்றவர்தான் கட்டாயம் காட்ட வேண்டும். கெடு தேதி தனிநபருக்கு வழக்கமாக ஜூலை 31. சம்பளக்காரர்கள் போடும் படிவம் 1 போதாது, சொத்து விற்றவர் படிவம் 2 போட வேண்டும்.

இன்றைய கணக்கு

2024 ஜூலை 23 முதல் விதி மாறிவிட்டது. 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்த வீடு, மனையை விற்றால் வரும் லாபத்துக்குக் குறியீடு இல்லாமல் 12.5 சதவீதம் வரி. அந்தத் தேதிக்கு முன் வாங்கியிருந்தால், குறியீட்டோடு 20 சதவீதம் என்ற பழைய முறையிலும் கணக்குப் போட்டுப் பார்த்து, எது குறைவோ அதைக் கட்டலாம்.

உதாரணமாக, 2012-13இல் 20 லட்சத்துக்கு வாங்கிய வீட்டை 2025-26இல் 25 லட்சத்துக்கு விற்கிறீர்கள். புதிய முறையில் லாபம் 5 லட்சம், வரி 62,500 ரூபாய். பழைய முறையில் குறியீடு 200இலிருந்து 376 ஆகியிருப்பதால் 20 லட்சம் 37 லட்சத்து 60 ஆயிரமாகும். லாபமே இல்லை, வரியும் இல்லை. ஆனால் இந்த 12 லட்சத்து 60 ஆயிரம் குறையை நட்டமாக அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக முடியாது. கொண்டுபோகும் நட்டம், குறியீடு சேர்க்காத அசல் நட்டம் மட்டுமே.

நீண்டகால நட்டத்தைச் சம்பளத்திலோ, கடை வருமானத்திலோ, வட்டியிலோ கழிக்க முடியாது. நீண்டகால மூலதன லாபத்தில் மட்டும்தான். 24 மாதத்துக்குள் விற்ற நட்டமாக இருந்தால் குறுகியகால, நீண்டகால லாபம் இரண்டிலும் கழிக்கலாம்.

2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருகிறது. பிரிவு எண்கள் மாறும். விற்றால்தான் நட்டம், கெடுவுக்குள் கணக்கு, 8 ஆண்டு என்ற அடிப்படைகள் அப்படியேதான் இருக்கின்றன.

விலை குறைந்ததற்கு எங்கே கேட்பது?

வீட்டை விற்க மனமில்லாதவருக்கு வரிச் சட்டத்தில் ஒன்றும் இல்லை. அவர் தட்ட வேண்டிய கதவு வேறு.

மின்கோபுரம், மின்கம்பி: 66 கிலோவோல்ட்டும் அதற்கு மேலும் உள்ள மின்பாதைகளுக்கு மத்திய மின்துறை 2015 அக்டோபரில் வழிகாட்டுதல் வெளியிட்டது. கோபுரம் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதம், கம்பி போகும் பாதைக்கு 15 சதவீதம் வரை என்றது. 2024 ஜூனில் அதை 200 சதவீதம், 30 சதவீதம் என்று உயர்த்தியது. மாநில அரசு ஏற்று ஆணையிடும் அளவில்தான் நமக்குக் கிடைக்கும். மாவட்ட ஆட்சியரிடம் மனுக் கொடுங்கள். பயிர், மரத்துக்கான தொகையை மட்டும் வாங்கிக்கொண்டு “முழு இழப்பீடும் பெற்றேன்” என்று கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். தொகை போதவில்லை என்றால் மாவட்ட நீதிமன்றத்தில் கேட்கலாம். நிலம் இருக்கும் இடம், கம்பி எவ்வளவு தூரம் கடக்கிறது, பயன்பாடு எந்த அளவு கெட்டது என்பதையெல்லாம் பார்த்தே இழப்பீடு முடிவுசெய்ய வேண்டும் என்று கேரள மின்வாரிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2007இல் சொல்லியிருக்கிறது.

குவாரி, ஆலைக் கழிவு: சுற்றுச்சூழல் பாதிப்பால் சொத்து சேதமானால் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்கலாம். தென் மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. பாதிப்பு முதலில் ஏற்பட்டதிலிருந்து 5 ஆண்டுக்குள் போக வேண்டும். என் மாப்பிள்ளை இதையும் தவறவிட்டார்.

வெள்ளம், புயல்: பேரிடர் நிவாரண நிதியின் 2022-26 விதிப்படி, முழுவதும் இடிந்த வீட்டுக்குச் சமவெளியில் 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய். இது சேதத்துக்கு மட்டுமே, விலைக் குறைவுக்கு இல்லை. வி.ஏ.ஓ. வந்து பார்க்கும்வரை இடிபாட்டை அகற்றாமல் படம் எடுத்து வையுங்கள். பேரிடருக்காக அரசு தரும் இந்தத் தொகைக்கு வருமான வரி கிடையாது.

வாசகர்கள் அடிக்கடி கேட்பவை

தோட்டத்தை நட்டத்துக்கு விற்றேன். அதைக் கழிக்கலாமா?

கிராமத்து விவசாய நிலம் வரிச் சட்டத்தில் மூலதனச் சொத்தே அல்ல. அதனால் லாபத்துக்கு வரியும் இல்லை, நட்டத்துக்குக் கழிவும் இல்லை. ஆனால் நகரத்துக்கு அருகில் இருந்தால் மாறும். மக்கள்தொகை 10 ஆயிரத்துக்கு மேல் 1 லட்சம் வரை உள்ள நகராட்சி, பேரூராட்சி எல்லையிலிருந்து 2 கிலோமீட்டர், 10 லட்சம் வரை என்றால் 6 கிலோமீட்டர், அதற்கு மேல் என்றால் 8 கிலோமீட்டருக்குள் இருக்கும் நிலம் மூலதனச் சொத்து. தூரத்தை ரோட்டு வழியாக அல்ல, நேர்கோட்டில் அளப்பார்கள்.

எங்கள் வீடு கிராம நத்தத்தில் இருக்கிறது. அதற்கும் இந்த விதிவிலக்கு உண்டா?

இல்லை. விலக்கு விவசாய நிலத்துக்குத்தான். கிராமத்தில் இருந்தாலும் வீடு மூலதனச் சொத்துதான். லாபம் வந்தால் வரி, நட்டம் வந்தால் கொண்டுபோகலாம்.

எனக்கு விவசாயம் தவிர வேறு வருமானம் இல்லை. வீட்டை விற்றதில் சிறு லாபம். முழுவதற்கும் வரி கட்ட வேண்டுமா?

உள்நாட்டில் வசிக்கும் தனிநபருக்கு, வேறு வருமானத்தில் பயன்படாத அடிப்படை விலக்கு வரம்பை இந்த லாபத்தில் கழிக்கலாம். 2025-26இல் புதிய வரி முறையில் அந்த வரம்பு 4 லட்சம். அதற்கு மேல் உள்ள லாபத்துக்குத்தான் வரி. கணக்கு மட்டும் தாக்கல் செய்துவிடுங்கள்.

விலையில் பாதியை ரொக்கமாக வாங்கலாமா?

வேண்டாம். அசையாச் சொத்து விற்பனையில் 20 ஆயிரம் ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கினால், வாங்கிய அளவுக்கே அபராதம் போட இடமிருக்கிறது. ரொக்கம் பத்திரத்திலும் ஏறாது. உண்மையான நட்டத்தை நிரூபிக்கவும் முடியாது.

தாராபுரம் வாசகருக்கு என் பதில் இதுதான். மகன் கணக்கில் கழிக்க வழியில்லை, அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். முதல் வேலையாக மின்பாதை இழப்பீட்டுக்கு ஆட்சியரிடம் மனுக் கொடுங்கள். மதிப்பீட்டாளர் அறிக்கை ஒன்று வாங்கி வையுங்கள், மனுவுக்கும் விற்பனைக்கும் இரண்டுக்கும் உதவும். விற்கத்தான் வேண்டும் என்றால், வழிகாட்டி மதிப்பைப் பார்த்த பிறகு விலை பேசுங்கள். விற்ற பிறகு ஜூலை 31ஐ மறக்காதீர்கள்.